குடல் பாக்டீரியாவுக்கு உணவிடுவது எப்படி?

நாம் உண்ணும் உணவு நம் மரபணுக்களின் எழுத்துகளை மாற்றுவதில்லை. எந்த மரபணு, எந்தச் செல்லில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் உணவுக்குப் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கின் ஒரு பகுதி பெருங்குடலில் வாழும் பாக்டீரியாவின் வழியாக நிறைவேறுகிறது. 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, சராசரி மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதை ஒருமுறையேனும் நின்று கவனிப்பது அவசியம்.

ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள புரதமும் மாவுச்சத்தின் பெரும்பகுதியும் சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். நம் நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தும், செரிக்காமல் தப்பிய சிறிது மாவுச்சத்தும் பெருங்குடலை அடையும். அங்குள்ள பாக்டீரியா அவற்றை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் எனும் சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களின் முதன்மையான எரிபொருள்.

மரபணுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? செல்லின் கருவுக்குள் டிஎன்ஏ இழை, ஹிஸ்டோன் எனும் புரதங்களின்மேல் நூல்கண்டில் நூல் போலச் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் எனும் வேதிக் குறிகள் ஒட்டியிருந்தால் சுற்று தளர்ந்து, அவ்விடத்து மரபணு வாசிக்கப்படும். அக்குறிகளை அகற்றும் நொதிகள் வேலை செய்தால் சுற்று மீண்டும் இறுகும். பியூட்டிரேட் அந்த நொதிகளைத் தடுக்கிறது. 2013-இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் இதன் விளைவைத் தெளிவாகக் காட்டின: ஃபாக்ஸ்பி3 எனும் மரபணு கூடுதலாக வெளிப்பட்டு, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் பெருகின. தேவையற்ற அழற்சியை அடக்குவது இச்செல்களின் பணி. ஆகவே, நோயெதிர்ப்புச் சக்தியை 'கூட்டுவது' என்று வழக்கமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கிருமியைத் தாக்கவும், உணவையும் நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்கவும் அறிந்த, அளவோடு செயல்படும் எதிர்ப்பே நமக்கு வேண்டும்.

நார்ச்சத்து கிடைக்காதபோது பாக்டீரியா பட்டினி கிடப்பதில்லை. குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்திலுள்ள சர்க்கரைகளை உண்ணத் தொடங்குகின்றன. மனிதக் குடல் பாக்டீரியாவைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தில்லா உணவு கொடுத்தபோது அப்படலம் மெலிந்து, நோய்க்கிருமி எளிதாக நெருங்கியதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனவே முதல் வேலை, இப்போது எவ்வளவு நார்ச்சத்து உண்கிறோம் என்று மூன்று நாள்கள் எழுதிப் பார்ப்பது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 12 கிராமும், தோலுடன் உண்ணும் நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராமும் கிடைக்கும். பற்றாக்குறையை ஒரே நாளில் ஈடுகட்ட முயல வேண்டாம். வயிறு உப்பி, இரண்டாம் நாளே கைவிட நேரும். முதல் வாரம் ஒரு வேளை உணவை மட்டும் மாற்றி, அது பழகியபின் அடுத்த வேளைக்குச் செல்லுங்கள், தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பருப்பு, பயறு வகைகளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும்.

அளவைப் போலவே வகையும் முக்கியம், ஏனெனில் எல்லா பாக்டீரியாவாலும் எல்லா நாரையும் உடைக்க முடியாது. வெங்காயத்திலும் பூண்டிலும் இனுலின், ஓட்ஸில் பீட்டா குளுக்கான், ஆப்பிளில் பெக்டின் என ஒவ்வொன்றும் வெவ்வேறு கூட்டத்துக்கு உணவாகிறது. வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கிலும் சோற்றிலும் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. ஆனால் சோற்றை அறை வெப்பத்தில் நெடுநேரம் விடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள்.

அடுத்தது புளித்த உணவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் இரு குழுக்களாகப் பிரிந்து பத்து வாரங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். தயிர் போன்ற புளித்த உணவுகளை உண்ட குழுவில் பாக்டீரியாவின் பன்முகத்தன்மை கூடியது. இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டிய குழுவில் அந்தக் காலத்துக்குள் பன்முகத்தன்மை உயரவில்லை. இதைக் கொண்டு நாரைக் கைவிடுவது தவறு. புதிய பாக்டீரியா வந்தாலும் அவற்றுக்குத் தீனி வேண்டுமே. புளித்த உணவைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியா இறந்துவிடும் என்பதால், தயிரைச் சமைக்காமல் உண்பதே இதற்கு ஏற்றது.

பலன் எப்போது தெரியும் என்பதே பலரின் கேள்வி. உணவை அடியோடு மாற்றினால் சில நாள்களிலேயே பாக்டீரியாவின் அமைப்பு மாறுகிறது; பழைய உணவுக்குத் திரும்பினால் அதே வேகத்தில் பழைய நிலையை அடைகிறது. இதனால்தான் ஒரு வார 'சுத்திகரிப்பு' முறைகளை நான் பரிந்துரைப்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்குவதையும் தவிர்த்துவிடுங்கள்; அவை நோய்க்கிருமியோடு நீங்கள் வாரக்கணக்கில் வளர்த்த கூட்டத்தையும் அழிக்கும்.

குடல் அழற்சி நோய் உள்ளவர்களும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களும் நாரையோ உயிருள்ள பாக்டீரியா மாத்திரையையோ மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். மற்றவர்கள் மலத்தின் தன்மை, வயிற்று உப்புசம் ஆகியவற்றை நான்கு வாரங்கள் குறித்து வாருங்கள். மலத்தில் இரத்தமோ, காரணமின்றி எடை குறைவதோ தெரிந்தால், அதை உணவு மாற்றத்தின் விளைவென்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.