வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களுக்கு: இசட் புள்ளி ஏமாற்றத்தையும் மாவட்ட ஒதுக்கீட்டு விவாதத்தையும் கையாளும் முறை

இலங்கையில் பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் எங்கள் வீடுகளில் முதலில் கேட்கப்படுவது "எத்தனை ஏ?" என்பது, அடுத்த மூச்சில் கேட்கப்படுவது "மாவட்ட நிலை எத்தனை?", அதாவது மாவட்டத்தில் எத்தனையாவது இடம், என்பது. முதற் கேள்விக்கு மகிழ்ச்சியான பதிலும் இரண்டாவது கேள்விக்குப் போதாத பதிலும் வைத்திருக்கும் பிள்ளையின் நிலைதான் மிகக் கடினமானது. மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வருபவர்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள்; வாழ்த்த வருபவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில், பெறுபேறு வந்த பின் வரும் மாதங்களை எப்படிக் கடப்பது என்பதை மாணவர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்களுக்கு நடந்தது என்ன என்பதைக் கணக்காகப் புரிந்துகொள்வது. அது புரியாதவரை கோபம் ஒரு நாள் பரீட்சைத் திணைக்களத்தின் மேலும், மறுநாள் அயல் மாவட்டத்துப் பிள்ளையின் மேலும், மூன்றாம் நாள் உங்கள் மேலேயுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தப் புள்ளி அல்ல, இசட் புள்ளியே பயன்படுகிறது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்து நான்கு தசம தானங்களுக்குத் தருவார்கள். ஒரு பாடத்தின் நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 76 எடுத்தவருக்கும் 91 எடுத்தவருக்கும் பெறுபேற்றுத் தாளில் ஒரே ஏதான் இருக்கும். ஆனால் அந்தப் பாடத்தில் அவர்களுக்கிடையிலான இசட் இடைவெளி 1.0000, இறுதிச் சராசரியில் அது 0.3333. வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு கற்கைநெறிக்குத் தெரிவாகத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளி, நான்காம் தசமத்தில் ஆளைப் பிரிக்கும் இடத்தில் 0.3333 என்பது ஒரு கடல். "மூன்று ஏ எடுத்தும் கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தில் அநியாயம் இருப்பதுபோல் காதுக்குப் படுவது இதனால்தான். ஏ என்பது ஒரு பெரிய அறை; அதன் வாசலில் நிற்பவரும் பின்சுவரில் சாய்ந்திருப்பவரும் ஒரே அறைக்குள்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது இடங்கள் பங்கிடப்படும் விதம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதத்திலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் என எளிமைக்காக வைத்துக்கொள்வோம். 550 இடங்கள் மாவட்டப் பங்குக்குப் போகும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்து 59 ஆயிரம். யாழ்ப்பாண மாவட்டத்தினது 5 இலட்சத்து 83 ஆயிரம். முல்லைத்தீவினது 92 ஆயிரம். அந்த எண்களை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 16 இடங்கள், முல்லைத்தீவுக்கு இரண்டோ மூன்றோ. முல்லைத்தீவுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வெட்டுப்புள்ளி இறங்குவது இடங்கள் கூடியதால் அல்ல. அந்த இரண்டு மூன்று இடங்களுக்குப் போட்டியிடும் அளவுக்குத் தயாரான பிள்ளைகள் குறைவாக இருப்பதால்.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. எங்கள் வீட்டு விவாதங்களில் அது ஏனோ வருவதேயில்லை. 1981இல், இன்றைய கிளிநொச்சி மாவட்டப் பகுதியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், யாழ்ப்பாணத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 38 ஆயிரமாக இருந்தது. நாட்டின் மொத்தத்தில் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். 2012இல் அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மேலே சொன்ன 550 இடங்களில் 1981இன் விகிதப்படி 27 இடங்கள் வந்திருக்கும். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஊரைவிட்டு ஆட்களை மட்டும் கொண்டுபோகவில்லை, எஞ்சியிருந்தவர்களின் பிள்ளைகளுக்கான இடங்களையும் கூடவே கொண்டுபோயின. முறைப்பாடு வைக்க வேண்டுமானால் அதற்குரிய இடம் இது என்பது என் எண்ணம். கனடாவிலிருந்து தொலைபேசியில் "முல்லைத்தீவிலை இருந்திருந்தால் பிள்ளைக்குக் கிடைச்சிருக்கும்" என்று சொல்லும் மாமாவுக்கு இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

கணக்கு புரிந்த பின், நீதி பற்றிய விவாதத்தைச் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னர் முடிக்க வேண்டிய, நாள் குறிக்கப்பட்ட வேலைகள் இருக்கின்றன. ஏமாற்றத்தில் இருக்கும் வீடுகளில்தான் முடிவுத் திகதிகள் கவனிக்கப்படாமல் போகின்றன. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கப் பெறுபேற்றுக்குப் பின் குறுகிய காலமே தரப்படும். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருக்கும் பாடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். அனுப்பிய மறுநாளே அதை மறந்துவிடுங்கள். அதன் முடிவை நம்பி வேறெந்த முடிவையும் ஒத்திப்போடக் கூடாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலை முழுமையாக வாசிப்பது அடுத்த வேலை. ரியூசன் ஆசிரியர் சொன்னது, அக்காவின் சிநேகிதி சொன்னது எல்லாம் போன வருடத்துக் கைநூலாக இருக்கலாம். குறிப்பாக, எந்த மாவட்டத்தின் கீழ் நீங்கள் கணிக்கப்படுவீர்கள் என்ற பகுதியையும், ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்த பின் மறுபடியும் பரீட்சைக்குத் தோற்றினால் என்ன நடக்கும் என்ற பகுதியையும் இரண்டு தடவை வாசியுங்கள். பின்னர் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது உங்கள் உண்மையான விருப்பத்தின்படி எழுதுங்கள். "எனக்கு எப்படியும் வராது" என்று முதல் விருப்பத்தை நீக்குவதால் இரண்டாவது விருப்பத்துக்கு எந்த நன்மையும் இல்லை. என் மாணவர் ஒருவர் வெட்கத்தினாலேயே மருத்துவத்தைப் பட்டியலில் எழுதாமல் விட்டார். அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி அவரது புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றது. அவர் வீட்டுக்கு நான் இன்னும் தயக்கத்துடன்தான் போகிறேன். விண்ணப்பத்தை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டியவன் நானும்தான்.

பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில் மாதங்கள் கழியும். அந்த மாதங்களில் போன வருடத்து வெட்டுப்புள்ளியைத் தூக்கத்திலும் ஒப்புவிக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இசட் புள்ளி அந்தந்த ஆண்டுப் பரீட்சார்த்திகளின் சராசரியில் தங்கியிருப்பதாலும், இடங்களின் எண்ணிக்கை மாறுவதாலும், அந்த ஒப்பீடு நம்பத்தக்கதல்ல. மாவட்ட நிலை இதைவிட நல்ல வழிகாட்டி. உங்கள் மாவட்டத்திலிருந்து முந்திய ஆண்டில் எத்தனை பேர் அந்தக் கற்கைநெறிக்குப் போனார்கள் என்பதைப் பாடசாலையில் கேட்டறிந்து, அத்துடன் ஒப்பிடுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்களில் சிலர் அகில இலங்கைத் திறமைப் பட்டியலில் போய்விடுவதால் மாவட்டப் பங்கு அவர்களுக்குப் பின்னர்தான் எண்ணப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கணித்துத் தாளை மடித்து வைத்தால் போதும். தினமும் கணித்தால் விடை மாறப்போவதில்லை.

மறுபடியும் தோற்றுவதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரை தோற்றலாம் என்பது உரிமை. மூன்று தடவையும் தோற்றித்தான் ஆக வேண்டும் என்பது ஊரின் கட்டளை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் தடவையில் ஒரு பாடம் மட்டும் சறுக்கி, மற்றைய இரண்டும் உறுதியாக இருந்து, சறுக்கியதற்கான காரணமும் தெளிவாகத் தெரிந்தால், இரண்டாம் தடவை பொருளுள்ள முயற்சி. மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போதாது என்றால், அதே வகுப்பில் அதே குறிப்பை வைத்துக்கொண்டு இன்னொரு வருடம் இருப்பதால் என்ன மாறும் என்பதை எழுதிப் பாருங்கள். மூன்றாம் தடவையைப் பற்றி முடிவெடுக்கும்போது பெற்றோர் அறையை விட்டு வெளியே நின்றால் நல்லது. மாற்று வழிகளைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இருக்கின்றன. இவற்றை "கிடைக்காதவர்கள் போகும் இடம்" என்று பிள்ளையின் முன்னால் சொல்லாமல் இருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

இப்போது விவாதத்துக்கு வரலாம். மாவட்ட ஒதுக்கீடு பற்றிப் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தரப்படுத்தல், அதாவது மொழிவாரியாக வெவ்வேறு அனுமதிப் புள்ளி வைத்த பழைய முறை, வந்துவிடும். 1970இல் மருத்துவ அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டும் என்று வைத்தார்கள். அது மொழியைப் பார்த்து வைத்த தடை. அதன் வடு ஆறவில்லை என்பதும் உண்மை. மாவட்ட ஒதுக்கீடு 1974இல் வந்தது. அதே காலத்தில், அதே கைகளால் வந்ததால் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். ஆனால் இன்று அந்த ஒதுக்கீட்டில் நுழையும் கிளிநொச்சிப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்களே. யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளையின் இழப்பைப் பேசுவதற்கு 1970ஐச் சாட்சிக்கு அழைத்தால், அந்தச் சாட்சி நமக்கு எதிராகவும் பேசும்.

மாவட்டம் என்ற அலகே பிழையான அளவுகோல் என்ற வாதம் இதைவிட வலுவானது. நெடுந்தீவில் படித்த பிள்ளைக்கும், வடமராட்சி கிழக்கில் போதிய ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளைக்கும், யாழ் நகரின் பெரிய கல்லூரியில் படித்த பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய மாவட்டம் ஒன்றின் நகரப் பாடசாலையில் வசதியுடன் படித்தவர், அதே மாவட்டத்தின் குக்கிராமத்துப் பிள்ளையின் பெயரால் நன்மை பெறலாம். ஒதுக்கீடு வேண்டும், ஆனால் அது பாடசாலையின் நிலையைப் பார்த்து வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதற்கு உடன்படாத ஆசிரியர்கள் என் பாடசாலையிலேயே இருந்தார்கள், அவர்களிடமும் காரணங்கள் இருந்தன. எப்படியாயினும் இது முறையின் மீதான விமர்சனம். குறைந்த இசட் புள்ளியுடன் மருத்துவ பீடத்துக்குப் போன ஒரு பிள்ளையிடம், திருமண வீட்டிலோ பேருந்திலோ, "உமக்கு எத்தனை?" என்று கேட்பது விமர்சனமாகாது.

திருத்தமான முறைப்பாட்டுக்குப் பலன் உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தபோது, மாணவர் தரப்பு நீதிமன்றம் சென்றது. 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இரு பகுதியினருக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. அங்கே வைக்கப்பட்டது கணிப்பு முறையில் இருந்த ஒரு குறிப்பிட்ட பிழை. உங்களுக்கும் அப்படியொரு பிழை தெரிந்தால், எண்ணுடனும் விதியின் பந்தியுடனும் எழுத்தில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு பகுதி. பிள்ளை சாப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, சிநேகிதரின் அழைப்பையும் எடுக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "எனக்கு இனி என்ன இருக்கு" என்ற பேச்சு வந்தால் அந்த நிமிடமே அருகில் இருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லலாம். உறவினருக்கு யார் பதில் சொல்வது என்பதை முதல் நாளே தீர்மானித்து, அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். "அவ இன்னும் யோசிக்கிறா" என்ற ஒரு வசனம் எல்லாத் தொலைபேசி அழைப்புக்கும் போதுமானது.

வெட்டுப்புள்ளி வந்த பின்பும் கதவு உடனே மூடுவதில்லை. தெரிவானவர்களில் சிலர் பதிவு செய்யாமல் விடுவதால் வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படும். அந்த அழைப்பு பல வாரங்கள் கழித்தும் வரக்கூடும். ஆகவே விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கணினிக் கடைக்காரர் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் நிலை இருந்தால், இன்றே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.