தேதி தாண்டிய பாக்கெட்டைச் சாப்பிடலாமா? வீட்டிலேயே பார்த்து முடிவெடுக்கும் முறை

போன மாதம் தக்கலையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி அடுப்படி அலமாரியை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். தேதி முடிந்து மூன்று வாரம் ஆன ரவை பாக்கெட், பிரிக்கக்கூட இல்லை, குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. காலையில் வாங்கி மதியம் வரை அடுப்பு மேடையிலேயே கிடந்த பால் பாக்கெட்டை மட்டும், "நாளை வரைக்கும் தேதி இருக்கே" என்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். நான் இரண்டையும் மாற்றச் சொன்னேன். ரவையில் உப்புமா கிண்டினோம், பாலைக் கொட்டினோம். அன்றைக்கு சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்தத் தேதி என்று படியுங்கள்

'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தால், பிரிக்காமல் ஒழுங்காக வைத்திருந்தால் அந்த நாள் வரை ருசியும் மணமும் மொறுமொறுப்பும் குறையாது என்று பொருள். அந்த நாள் தாண்டியதும் பண்டம் விஷமாகிவிடாது. தரம் மெல்ல இறங்கத் தொடங்கும். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்றால் அந்த நாளோடு சரி, அதற்கு மேல் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி இந்த எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதிதான் கட்டாயம். பெஸ்ட் பிஃபோரை விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஒரு தேதியைப் பார்த்ததும் நின்றுவிடாமல் பாக்கெட்டைத் திருப்பி இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். சித்தியின் ரவையில் பெஸ்ட் பிஃபோர்தான் முடிந்திருந்தது, எக்ஸ்பைரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சில பாக்கெட்டில் 'பேக் செய்த நாளிலிருந்து 6 மாதம்' என்று மட்டும் இருக்கும். பேக் செய்த தேதி மூடியிலோ ஓரத்து மடிப்பிலோ மங்கலாக அச்சாகியிருக்கும். தேடிப் பிடித்து நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

கைக்குழந்தைக்கான பால்பவுடரில் எந்தத் தேதி தாண்டியிருந்தாலும் கொடுக்காதீர்கள். அதில் சத்தின் அளவும் குறைந்திருக்கும்.

படி 2: ஈரப் பண்டமா, காய்ந்த பண்டமா?

கிருமி பெருக ஈரம் வேண்டும். அரிசி, பருப்பு, ரவை, சீனி, உப்பு, டீத்தூள், பிஸ்கட் போன்றவை பெஸ்ட் பிஃபோர் தாண்டினாலும் பிரிக்காமல் காய்ந்தபடி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பால், பனீர், ரெடிமேட் தோசை மாவு, மீன், இறைச்சி இவற்றில் தாட்சண்யமே கூடாது.

மார்த்தாண்டம் தேன் உறைந்து சீனி போல அடியில் படிந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். நுரை கட்டி, புளித்த வாடை வந்தால்தான் உள்ளே ஈரம் சேர்ந்து புளித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் கூடாது, எவ்வளவு புதியது என்றாலும்.

படி 3: இத்தனை நாள் எப்படி இருந்தது?

தேதி போடும்போது பாக்கெட்டைப் பிரிக்காமல், லேபிளில் சொன்ன இடத்தில் வைத்திருப்போம் என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். பிரித்துவிட்டால் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அதிலும் நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. ஜாடியில் உப்பே நீர்த்துப்போகிற ஈரத்தில் கிளிப் போடாமல் வைத்த மாவு பாக்கெட் என்ன பாடுபடும்!

ஃப்ரிட்ஜ் பண்டங்களுக்கு 5 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். 5 முதல் 60 டிகிரிக்குள் கிருமிகள் வேகமாகப் பெருகும். தோதான சூட்டில் சில வகை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். ஆகவே பால், மீன், கறி எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சித்தி வீட்டுப் பால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருந்தது.

கரண்ட் போனாலும் இதே கணக்குதான். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஃப்ரிட்ஜில் இருந்த பனீரிலும் வெண்ணெயிலும் டிசம்பர் கடைசி வரை தேதி இருந்தது. இரண்டையும் அம்மா தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தார்.

படி 4: பிரிக்கும் முன்னும் பிரித்த பின்னும் பாருங்கள்

முதலில் வெளியே. டின் உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, ஓர மடிப்பில் நசுங்கியிருந்தாலோ திறக்காமலே எறியுங்கள். நரம்பைத் தாக்கும் கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா காற்றில்லாத டின்னுக்குள் வளரும். பால், தயிர், பனீர் பாக்கெட் புடைத்திருந்தாலும் அப்படியே. சிப்ஸ் பாக்கெட் புடைத்திருப்பது வேறு, அதில் நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள்.

ரவையைச் சுளவில் கொட்டி வெயில் படும் இடத்தில் பரப்புங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். வண்டு இருந்தால் சூடு பட்டதும் ஓரத்துக்கு ஊர ஆரம்பிக்கும். விரலால் மெல்லக் கோதிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் கோர்த்து, ரவை சின்னச் சின்னக் கொத்தாக வந்தால் உள்ளே புழு கூடு கட்டியிருக்கிறது. கட்டி தட்டி, பூசண வாடை அடித்தால் ஈரம் இறங்கிவிட்டது. இந்த மூன்றில் எது இருந்தாலும் எனக்கு அது குப்பைதான். ஒன்றுமே இல்லை, பச்சை ரவை மணம் மட்டும் வருகிறது என்றால் வறுத்துப் பயன்படுத்துங்கள்.

தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்தால் அது குளிரின் வேலை. காறல் வாடை வந்து, தொண்டையில் கரகரத்தால்தான் கெட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் நமத்துப்போனால் ருசிதான் போயிற்று. பாக்கெட்டைப் பிரித்ததும் சிக்கு வாடை முகத்தில் அடித்தால் சாப்பிடாதீர்கள்.

பூசணம் பூத்த கடலையையும் கொப்பரையையும் துடைத்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வீட்டில் வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது. பிரெட்டில் ஒரு மூலையில் பச்சை தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

படி 5: மூக்கு ஏமாறும் இடம்

ஊசிப்போனது நாறும். ஆனால் நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது. சால்மோனெல்லா இருக்கும் முட்டை சாதாரண முட்டை மாதிரியே இருக்கும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும்.

மீனில் இன்னொரு சங்கதி. சூரை, அயிலை, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். நாற்றம் வராமலே சேரலாம், குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வந்தால் டாக்டரிடம் போங்கள். எனவே ஃப்ரீசர் மீன் பாக்கெட் ஒருமுறை உருகிக் கிடந்தது தெரிந்தால் தேதியையும் வாடையையும் பார்க்காமல் விட்டுவிடுங்கள். 'கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்ப்போம்' என்பதும் வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணியோ, சின்னப் பிள்ளையோ, வயதானவரோ இருந்தால் ஈரப் பண்டங்களில் சந்தேகம் வந்த உடனே எறிந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பாக்கெட்டைப் பிரித்த அன்றைக்கே பிரித்த தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள். சித்தி அன்று மீதி ரவையை டப்பாவில் கொட்டி, எக்ஸ்பைரி தேதி இருந்த துண்டைப் பாக்கெட்டிலிருந்து வெட்டி மூடியில் ஒட்டினார். அதன் பக்கத்தில் பேனாவால் 'பிரித்தது ஆடி 4' என்று எழுதினார்.