வண்டி ஓட்டும்போது கைப்பேசி: சில குறிப்புகள்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்றே நொடிகளில் 50 மீட்டரைக் கடந்துவிடுவதால், அழைப்பது யார் என்று திரையைப் பார்க்கும் பொழுதில் அவ்வளவு தூரமும் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டுகிறோம். வழிகாட்டும் வரைபடம் தேவையென்றால், புறப்படும் முன்பே போக வேண்டிய இடத்தைப் பதிந்து, குரல் வழிகாட்டலை இயக்கி, பார்வையை மறைக்காத ஹோல்டரில் கைப்பேசியைப் பொருத்திவிடுங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திற்குப் பிறகு, கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலுக்கான பிரிவிலேயே வருகிறது.

ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் கைப்பேசியைச் செருகிக்கொண்டு பைக்கில் செல்வோரைக் காணும்போது மனம் பதைக்கிறது. அது நழுவினால், பிடிப்பதற்காகக் கை தானாகவே ஹேண்டில்பாரை விட்டுவிடும்.

அழைப்பு அவசரமென்றால், இண்டிகேட்டர் போட்டு, வளைவோ பாலமோ இல்லாத இடத்தில் இடது ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.