தில்லியில் ஓடப் பழகுவது எப்படி? மாசியில் தொடங்கி எட்டு வாரம்

ஜனவரி 1 அன்று ஓட ஆரம்பிக்காதீர்கள். வேறு ஊர் என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம். தில்லியில் அந்தச் சமயத்தில்தான் பனிமூட்டமும் புகையும் சேர்ந்து விடிகாலைக் காற்றைச் சுவாசிக்க லாயக்கில்லாமல் ஆக்கி வைத்திருக்கும். புது ஷூ வாங்கி, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, நாலு நாள் ஓடி, தொண்டை கட்டி, இருமல் பிடித்து, "நமக்கு இதெல்லாம் ஒத்துவராதுப்பா" என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாவம், மாதம் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள்.

தை போகட்டும். மாசி பிறந்ததும் தொடங்குங்கள். பிப்ரவரி நடுவில் குளிர் தணியும், காற்று வீச ஆரம்பித்துப் புகை கலையும். அங்கிருந்து எட்டு வாரம் எண்ணினால் சித்திரை பிறந்துவிடும். மே மாத வெயில் வருவதற்குள் உங்கள் கால்கள் ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

இது மெட்ரோ கதவு மூடும்போது மட்டுமே ஓடிப் பழக்கப்பட்டவர்களுக்கான விளக்கம். ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா, பழைய முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

1. நேரம் குறிப்பது

"காலையில் காற்று சுத்தமாக இருக்கும்" என்று ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். தில்லிக் குளிர்காலத்துக்கு அது பொருந்தாது. இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பானது என்பதால் கீழ்க்காற்று மேலே எழும்ப முடிவதில்லை. வண்டிப் புகை, குப்பை எரிக்கும் புகை, தூசி எல்லாம் நம் மூக்கு உயரத்திலேயே தேங்கி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலையும். அதனால் நவம்பர் முதல் ஜனவரி வரை ஓடியே ஆக வேண்டும் என்றால், பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை உள்ள நேரம்தான் இருப்பதில் தேவலை. ஓடும்போது சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

கிளம்புமுன் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் வட்டாரத்துக்கு அருகிலுள்ள நிலையத்தின் எண் கிடைக்கும். 2015இல் அறிமுகமான இந்த அளவுகோலில் 100 வரை நல்லது, திருப்தி. 101 முதல் 200 வரை மிதம். 201 முதல் 300 வரை மோசம். 301 முதல் 400 வரை மிக மோசம். அதற்கு மேல் கடுமை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: 200 வரை ஓட்டம், 200க்கு மேல் போனால் நடை மட்டும், 300ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி. ஆஸ்துமா உள்ளவர்கள் 100க்கே உஷாராகிவிட வேண்டும்.

ஒரே காற்றுக்கு உங்கள் போனில் ஓர் எண்ணும் பக்கத்து வீட்டுக்காரர் போனில் வேறோர் எண்ணும் காட்டினால் குழம்ப வேண்டாம். சில செயலிகள் அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றுகின்றன. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே பாருங்கள்.

மார்ச், ஏப்ரலில் இந்தக் கவலை குறைவு. காலை ஆறரைக்குக் கிளம்பினால் போதும். ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ஓட்டக்காரர் என்று யாரும் சட்டம் போடவில்லை.

2. ஷூ

செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான். வாட்ச், சட்டை, இடுப்பில் கட்டும் தண்ணீர் பாட்டில் எதுவும் இப்போது வேண்டாம். மூவாயிரம் ரூபாய்க்குள்ளேயே தொடக்கக்காரர்களுக்கான நல்ல ரன்னிங் ஷூ வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்கோ ஷட்டிலுக்கோ வாங்கியது இருக்கிறதே என்றால், அது வேண்டாம். கிரிக்கெட் ஷூவின் அடிப்பாகம் புல்லில் பிடிப்புக்காகவும், ஷட்டில் ஷூவினுடையது பக்கவாட்டில் நகர்வதற்காகவும் செய்தது. பெரிய பிராண்டின் பெயரை ஒட்டி நடைபாதையில் சல்லிசாக விற்கும் போலி ஷூவும் வேண்டாம். அதன் அடிப்பாகம் பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும், கொஞ்ச நாளில் அமுங்கிவிடும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். நீங்கள் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். பெருவிரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வழக்கமான செருப்பு அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ கூடும், பரவாயில்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும்.

குதிகால் நழுவுகிறதா? ஷூவின் மேல்பக்கம், கணுக்காலை ஒட்டி, மற்ற ஓட்டைகளுக்குச் சற்றுப் பின்னே தள்ளி இரு பக்கமும் ஒவ்வோர் ஓட்டை கூடுதலாக இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்திலுள்ள அந்தக் கடைசி ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு சின்ன வளையம் கிடைக்கும். மறுபக்கமும் அதே மாதிரி. இப்போது இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது.

3. உடை, சாப்பாடு

உடை எதுவானாலும் சரி, முழுக்கப் பருத்தி மட்டும் வேண்டாம். வேர்வையில் நனைந்து ஒட்டி உரசும். பெண்கள் ஷூவுக்கு அடுத்தபடியாக நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவழிக்கலாம். சல்வார் கமீஸில் ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். நேரு பார்க்கில் சல்வாரோடும் ஷூவோடும் என்னைத் தாண்டிப் போகிற ஒரு மாமியை இன்றுவரை என்னால் பிடிக்க முடிந்ததில்லை.

இருபது நிமிட ஓட்டத்துக்கு முன் பெரிதாக ஒன்றும் சாப்பிட வேண்டாம். பாதி வாழைப்பழம், பழக்கம் இருந்தால் ஒரு வாய் காபி. டிபன் சாப்பிட்டுவிட்டு ஓடுவதானால் இரண்டு மணி நேரம் விடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

4. இடம்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பூங்காதான் சிறந்த பூங்கா. லோதி கார்டன் அழகுதான், ஆனால் ஆட்டோ பிடித்துப் போய் ஓட வேண்டுமென்றால் இரண்டாம் வாரமே சலிப்பு தட்டிவிடும். ஆர்.கே.புரம், மோதி பாக் பக்கம் இருப்பவர்களுக்குச் சாணக்யபுரி நேரு பார்க்கும், கிழக்கே மயூர் விஹாரில் இருப்பவர்களுக்கு சஞ்சய் ஏரிப் பூங்காவும் பக்கம். கல் பதித்த பாதையைவிட ஓரத்து மண் பாதை காலுக்கு இதம். பக்கத்தில் ஸ்டேடியம் ட்ராக் கிடைத்தால் உள்வட்டம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர், கணக்குப் போட வசதி.

நாய்கள். தில்லியில் ஓடுவதைப் பற்றி எழுதிவிட்டு நாயைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. குரைத்துக்கொண்டு வந்தால் வேகம் எடுக்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி, முறைக்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போனால் ஒரு வாரத்தில் அதற்கே உங்களைத் தெரிந்துவிடும். குளிரில் யாரோ மாட்டிவிட்ட ஸ்வெட்டரோடு திரியும் நாய்களை நம்பலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம், பொறுப்பேற்க மாட்டேன்.

5. முதல் நாள்

ஐந்து நிமிடம் விறுவிறு நடை. அப்புறம் போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து ஓட ஆரம்பியுங்கள்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். ஓட்டம் என்றதும் பள்ளிக்கூட நூறு மீட்டர் ஞாபகம் வந்து, முதல் பத்து நொடியிலேயே பாய்ந்துவிடுவார்கள். இருபதாவது நொடியில் வாய் திறக்கும், முப்பதில் விலா எலும்புக்குக் கீழே பிடிக்கும், நாற்பதில் நின்றுவிடுவார்கள். ஆகவே மெதுவாக ஓடுங்கள். வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக. பக்கத்தில் வேகமாக நடக்கும் ஒருவர் உங்களைத் தாண்டிப் போனால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். "என்ன சார், நடக்கறதைவிட மெதுவா ஓடறீங்க?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு ஓடுங்கள்.

வேகம் சரிதானா என்று பார்க்க ஒரே சோதனை பேச்சு. துணையோடு ஓடினால், "ஏங்க, வரும்போது தயிரும் கறிவேப்பிலையும் வாங்கணும், மறந்துடாதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடினால் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். "பதின்மூணு... நாலு..." என்று மூச்சுக்கு நடுவே துண்டுதுண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வாய்ப்பாடே மறந்துபோனால் அது வேறு கதை.

காலை எட்டிப் போடாதீர்கள். சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். முழங்கை மடங்கி இருக்கட்டும், தோள் காதை நோக்கி ஏறாமல் தளர்ந்திருக்கட்டும். உள்ளங்கையில் ஒரு பொரித்த அப்பளத்தை உடைக்காமல் பிடித்திருப்பது போல விரல்களை மூடிக்கொண்டால் தோள் தானாக இறங்கும். மூக்கால் மூச்சா வாயால் மூச்சா என்று ஆராய வேண்டாம், இரண்டாலும் விடுங்கள்.

ஒரு நிமிடம் முடிந்ததும் இரண்டு நிமிடம் நடை. இப்படி ஏழு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் மெதுநடை, பிறகு கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டிவிடுங்கள். முதல் நாள் முடிந்தது. இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும், அந்தத் தோன்றலோடேயே வீட்டுக்குப் போங்கள்.

6. எட்டு வாரக் கணக்கு

வாரத்துக்கு மூன்று நாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாதிரி நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு. முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை எப்போதும் உண்டு.

வாரம் 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை
வாரம் 2: 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, 8 முறை
வாரம் 3: 2 ஓட்டம், 2 நடை, 5 முறை
வாரம் 4: 3 ஓட்டம், 2 நடை, 4 முறை
வாரம் 5: 5 ஓட்டம், 2 நடை, 3 முறை
வாரம் 6: 8 ஓட்டம், 2 நடை, 2 முறை
வாரம் 7: 10 ஓட்டம், 2 நடை, மறுபடி 10 ஓட்டம்
வாரம் 8: 20 நிமிடம் நிற்காமல்

நடையும் ஓட்டமும் கலந்து பழக்கும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' திட்டம் ஒன்பது வாரத்தில் இதையேதான் செய்கிறது. நான் மேலே போட்டிருப்பது இன்னும் நிதானமானது, கிலோமீட்டர் பார்க்காமல் நிமிடத்தை மட்டும் பார்ப்பது. பேச முடிகிற வேகத்தில் இருபது நிமிடம் ஓடினால் இரண்டரை கிலோமீட்டர் போல வரும்.

நான்காம் வாரத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், தினமும் ஓடலாம் போலத் தெம்பாக இருக்கும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதக்கணக்காகும். நுரையீரல் சொல்வதைக் கேட்டு ஓடினால் கால் மாட்டிக்கொள்ளும். நடுவில் விடும் நாள் அதற்காகத்தான். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள், எட்டு வாரம் பதினொன்று ஆனாலும் ஆகட்டும்.

7. வலி

மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் இரு பக்கமும் சமமாக வரும் வலி சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி நீளமாக வலித்தால், அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள். வலி நிற்கும்வரை ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீர் என்று வலிக்கிறது, ஓட ஓட வலி கூடுகிறது, நொண்டுகிறீர்கள் என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள், "கேஸ்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

8. சித்திரைக்குப் பிறகு

மே, ஜூனில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். கிளம்புவதை அதற்கு முன்னே தள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள், திரும்பியதும் உப்பு போட்ட மோர். வேகம் குறையும், குறையட்டும். லூ என்கிற அனல்காற்று வீசும் நாட்களில் காலையிலேயே அனலாக இருந்தால் விட்டுவிடலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை தூசியைக் கழுவிவிடுவதால், வருடத்திலேயே தில்லியின் காற்று அப்போதுதான் நன்றாக இருக்கும். புழுக்கமும் வழுக்கும் கல்பாதையும்தான் தொல்லை.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் கணக்கில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

அக்டோபரில் தில்லி ஹாஃப் மாரத்தான் வரும். 2005 முதல் நடக்கிறது, முன்பு நவம்பரில் நடந்ததைக் காற்றுக்குப் பயந்து அக்டோபருக்குக் கொண்டுவந்தார்கள். ஹாஃப் என்பது 21 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அலுவலகத்தில் கூட்டமாகப் பெயர் கொடுக்கும்போது நீங்களும் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அதே நாளில் குறைந்த தூர ஓட்டங்களும் இருக்கும், இந்த வருடத்துக்கு அதில் சேருங்கள்.