பெண் எலியின் சுழற்சியை ஸ்மியரில் படிப்பது எப்படி?

பெண் எலியை வைத்து ஹார்மோன் ஆராய்ச்சி செய்யப் போகிறீர்களா? எலிசா கிட் (ஹார்மோன் அளவைப் பார்க்கும் சோதனைப் பெட்டி) வாங்கக் காசு கேட்டு லெக்சரர் பின்னால் அலைவதற்கு முன் ஸ்மியர், அதாவது யோனியிலிருந்து எடுத்த செல்களைத் தகட்டில் வைத்து, பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கோலாலம்பூரோ பினாங்கோ, எந்த யுனிவர்சிட்டி அனிமல் ஹவுஸிலும் இதற்கு வேண்டியது பைப்பெட், உப்புநீர், சாதாரண மைக்ராஸ்கோப், அவ்வளவுதான். (விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் எலியைத் தொடக் கூடாது, அது தெரிந்ததுதான்.)

எலிக்கும் சுண்டெலிக்கும் சினைச் சுழற்சி (சினைமுட்டை முதிர்ந்து வெளிவரும் சுழற்சி) 4 அல்லது 5 நாள், அதற்குள் நான்கு கட்டங்கள். அதனால் ஒரு நாள் தவறினாலே ஒரு கட்டம் போயிற்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் அன்றைய ஸ்மியரை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். தினமும் காலையில், அதே நேரத்தில் எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை எளிது. எலியைப் பதற்றப்படுத்தாமல் பிடித்து, சுண்டெலிக்கு 20 முதல் 50 மைக்ரோலிட்டர், பெரிய எலிக்கு 100 முதல் 200 மைக்ரோலிட்டர் உப்புநீரை பைப்பெட் நுனியால் யோனி வாயிலில் விட்டு, இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, அந்த நீரைக் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். நுனியை ஆழமாக மட்டும் விடாதீர்கள். கருப்பைவாய் தூண்டப்பட்டால் உடம்பு அதை இணைசேர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து, கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவாகும் திசு) அழியாமல் நின்று, பொய்க்கர்ப்பம் வந்துவிடும். அப்புறம் இரண்டு வாரத்துக்கு அந்த எலி உங்கள் கணக்கில் இல்லை.

சாயம் போடாமலே 10 மடங்கு லென்ஸில் பார்க்கலாம், கிரிஸ்டல் வயலட் போட்டால் இன்னும் தெளிவு. உட்கரு தெரியும் உருண்டை செல்கள் கொத்துக் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ் (முட்டை வெளிவருவதற்கு முந்தைய கட்டம்). உட்கரு இல்லாமல், உடைந்த அப்பளத் துண்டுகள் மாதிரி ஓரம் கோணலான தட்டையான செல்கள் தகட்டை நிறைத்திருந்தால் ஈஸ்ட்ரஸ் (இணைசேரும் கட்டம்). அதோடு வெள்ளை அணுக்களும் கலந்து வந்தால் மெட்டீஸ்ட்ரஸ், பெரும்பாலும் வெள்ளை அணுக்களே என்றால் டைஈஸ்ட்ரஸ். ஒரே ஒரு தகட்டை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நேற்று என்ன, நாளை என்ன என்று வரிசையாகப் பார்த்தால்தான் குழப்பம் தீரும். மெட்டீஸ்ட்ரஸ் சில மணி நேரத்தில் முடிவதால் பல சமயம் கண்ணிலேயே படாது. மருந்து கொடுப்பதற்கு முன் இரண்டு முழுச் சுழற்சியாவது ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம், விளக்கு. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்துவிட்டால் மட்டும் எல்.எச். (முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்) பொங்காது, மூளையின் கடிகாரமும் நேரம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடிகாரத்துக்கு நேரம் காட்டுவது வெளிச்சம். இரண்டும் சேர்ந்தால்தான் மூளையின் கிஸ்பெப்டின் நியூரான்கள் ஜி.என்.ஆர்.எச். (எல்.எச்.சைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) நியூரான்களைத் தூண்டி, புரோஈஸ்ட்ரஸ் அன்று மாலை மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்.சை மொத்தமாக வெளியே விடும். சினைமுட்டை அன்றிரவு விடிவதற்குள் வெளிவரும். அன்று மதியம் 2 மணிக்கு முன் பார்பிட்டுரேட் மயக்க மருந்து கொடுத்தால் எல்லாமே 24 மணி நேரம் தள்ளிப்போகும் என்று எவரெட், சாயர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1950-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே எல்.எச். உச்சத்தைப் பிடிக்கக் காலையில் இரத்தம் எடுத்துப் பயனில்லை; மதியத்திலிருந்து இரவு வரை சில முறை எடுக்க வேண்டும். நம் ஊரில் வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம்தானே என்று ஜன்னல் வெளிச்சத்தை நம்பிவிடாதீர்கள், டைமர் வையுங்கள், கரண்ட் போய் வந்தால் டைமரின் நேரத்தைச் சரிபாருங்கள்.

கச்சிப் பாத்திமா மாதிரி மூலிகைக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டா என்று சோதிப்பவர்கள் தீவனப் பையையும் திருப்பிப் படியுங்கள். சோயா கலந்த தீவனத்தில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் இருக்கும். அவையும் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்பவை. மருந்து கொடுக்காத கூண்டிலும் அதே விளைவு தெரிந்தால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

பெண் சுண்டெலிகளை ஒரே கூண்டில் கூட்டமாக அடைத்தால் சுழற்சி நீளும், சிலவற்றுக்கு நின்றே போகும். மருந்துதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஆண் சுண்டெலி இருந்த கூண்டின் மரத்தூளில் ஒரு பிடி எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஆணின் வாடை பட்டு மூன்றாம் நாள் வாக்கில் பல ஈஸ்ட்ரஸுக்கு வந்துவிடும்.