லோகி நெருப்புக் கடவுளா? ஒரு பெயரின் வேரைத் தேடும் முறை

நார்ஸ் புராணத்தில், அதாவது பண்டைய ஸ்காண்டிநேவியர்களின் புராணத்தில், வரும் தந்திரக்காரன் லோகிதான் நெருப்புக் கடவுள் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது சரியா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: எழுத்தைச் சரிசெய்யுங்கள்

சிக்கல் நம் எழுத்திலேயே தொடங்குகிறது. 'லோகி' என்று எழுதினால் ககரம் 'முகம்', 'நகம்' போலத் தேய்ந்துதான் ஒலிக்கும். பழைய நார்ஸ் மொழியில் அந்த மெல்லோசையோடு ஒருவன், அழுத்தமான ஓசையோடு வேறொருவன் என இரண்டு பேர் உண்டு. ஒகரம் இரண்டிலும் குறில்தான். ஆகவே தந்திரக்காரனை 'லொக்கி' என்றும் மற்றவனை 'லொகி' என்றும் எழுதுகிறேன். பார்க்க விநோதமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அகராதியைப் பாருங்கள்

லொகி என்றால் தீச்சுடர். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் அதே சொல்லை அதே பொருளில் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைக் குறிக்கும் லத்தீன் 'லுக்ஸ்' இதற்குத் தூரத்துச் சொந்தம்.

படி 3: கதைக்குள் போங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' என்ற புராண நூலில் ஒரு சாப்பாட்டுப் போட்டி வருகிறது. மரத்தொட்டி நிறைய இறைச்சி. ஒரு முனையில் லொக்கி, மறுமுனையில் லொகி. நடுவில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். லொக்கி எலும்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தான். லொகியோ எலும்பையும் தின்று, தொட்டியையும் தின்றிருந்தான்! அவன் காட்டுத்தீ என்று அந்த மண்டபத்து அரசன் பிறகுதான் உடைத்துச் சொல்கிறான். இருவரும் ஒருவனே என்றால் இந்தப் போட்டி எப்படி நடக்கும்?

படி 4: சொந்தபந்தங்களை விசாரியுங்கள்

பழங்கதைகளில் வரும் ஃபோர்ன்யோட் என்பவனின் மகன்கள் மூவர்: ஹ்லேர் கடல், காரி காற்று, லொகி தீ. 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் ஒன்றில் லொகியின் மகள்கள் எய்சா, எய்மிர்யா. இரண்டு பெயருக்கும் பொருள் தணல். வீடே அடுப்புதான்.

படி 5: குழப்பம் எங்கே நுழைந்தது?

ஜெர்மனியில். 19-ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் யாகோப் கிரிம் இரு பெயர்களையும் முடிச்சுப் போட்டார். 1869-இல் மேடையேறிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் (இசை நாடகத்தில்) 'லோகெ' என்ற பெயரில் தந்திரக்காரனே நெருப்பாகிவிட்டான்.

அப்படியானால் லொக்கி என்ற பெயருக்கு என்ன பொருள்? முடிவான விடை இல்லை. 'முடிச்சு', 'கண்ணி' என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஸ்னோரியின் கதையில் மீன்வலையை முதலில் பின்னுபவன் அவன்தான். தேவர்கள் தேடி வருவதைப் பார்த்ததும் அதைத் தீயில் எறிந்துவிட்டு ஓடுகிறான். சாம்பலில் பதிந்திருந்த கண்ணிகளைப் பார்த்து அவர்களும் ஒரு வலை பின்னி, ஆற்றில் மீனாக ஒளிந்திருந்தவனை மடக்கிப் பிடித்தார்கள்.