மலைமேல் இருக்கும் கேட்வேயில் ப்ராக்ஸி: கிளம்பும் முன் செய்யும் தவறுகள்

தேயிலைத் தொழிற்சாலை, எஸ்டேட் ஆபீஸ், இலை எடை போடும் கொட்டகை என்று நீலகிரியில் எங்கே பார்த்தாலும் உள் நெட்வொர்க்கை சிம் வழியாக இணையத்தோடு இணைக்கும் ஒரு 4ஜி கேட்வே சுவரில் தொங்குகிறது. அதற்குக் கட்டளை வரியில் ப்ராக்ஸி (கோரிக்கைகளை நமக்காக வெளியே எடுத்துப் போகும் இடைநிலை சர்வர்) போட வரும் புதியவர்கள், முன்னால் நாங்கள் எல்லாரும் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். போர்ட் எண்ணை மாற்றி அடிப்பது, ஐபியில் ஒரு புள்ளி விடுபடுவது போன்றவை ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடலாம். போட்ட அன்றைக்கு ஒழுங்காக ஓடி, பல நாள் கழித்துக் காலை வாருகிற தவறுகள்தான் இங்கே.

எடுத்துக்கொண்ட அமைப்பு இது: லினக்ஸ் ஓடும் கேட்வே, ஒரு சிம், நான்கு டெலிபோன் போர்ட், ஹெட் ஆபீஸுக்கு ஒரு டனல் (இணையத்துக்குள் ஓடும் தனி வழி), அந்த டனலுக்கு அப்பால் 10.20.0.5 என்ற முகவரியில், 3128-ஆம் போர்ட்டில் ஸ்க்விட் ப்ராக்ஸி. சைட்டில் இருப்பவருக்குப் போனில் சொல்லும்போது கட்டளைகளை எப்படி உச்சரிப்போமோ அப்படியே எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்போர்ட் அடித்ததோடு நிறுத்துவது

எஸ்எஸ்எச்சில் நுழைந்து, எக்ஸ்போர்ட் போட்டு ப்ராக்ஸி முகவரியைச் சூழல் மாறியில் வைத்து, கர்ல் அடித்தால் 200 என்று வெற்றிப் பதில் வருகிறது. அது அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் கிடைத்த 200. வெளியே வந்தால் போயிற்று. இது தெரிந்தவர்கள் எட்சி என்விரான்மென்ட் கோப்பில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கோப்பு லாகின் நடக்கும்போது படிக்கப்படுவது. பூட் ஆகும்போது சிஸ்டம்டி எழுப்பும் சர்வீஸ்கள் அதைப் பார்ப்பதில்லை. எந்த சர்வீஸுக்கு ப்ராக்ஸி தேவையோ அதற்கு மட்டும் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று அடித்துப் பெயரைக் கொடுத்து, சர்வீஸ் பகுதியின் கீழ் என்விரான்மென்ட் வரியைச் சேர்க்க வேண்டும். கோப்பைக் கையால் உருவாக்கினால் 'டீமன் ரீலோட்' அவசியம். பிறகு அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோட் மட்டும் போதாது.

மாறியின் பெயரைச் சின்ன எழுத்தில் அடிப்பதே நல்லது. எச்டிடிபி ப்ராக்ஸி மாறியைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் கர்ல் கண்டுகொள்ளாது. வெப் சர்வருக்கு வெளியிலிருந்து வரும் 'ப்ராக்ஸி' என்ற ஹெடர், சிஜிஐ நிரல்களுக்குள் (வெப் சர்வர் எழுப்பும் நிரல்கள்) இதே பெரிய எழுத்துப் பெயரில்தான் போய் உட்காரும். யாரோ அனுப்பிய முகவரியைத் தன் ப்ராக்ஸி என்று நம்பிவிடாமல் இருக்க கர்ல் அந்தப் பெயரையே ஒதுக்குகிறது. எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி மாறிக்கு இந்தத் தடை இல்லை. அதனால் பாதி வேலை செய்து பாதி செய்யாமல் குழப்பும்.

சுடோ

ரூட் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோ, சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் ஓடும். மைனஸ் பெரிய ஈ சேர்க்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ் மாறிக்குள் எச்டிடிபிஎஸ் முகவரி

மாறியின் பெயர், எந்த வகைப் போக்குவரத்துக்கு என்பதைச் சொல்கிறது. அதற்குள் இருக்கும் முகவரி, ப்ராக்ஸியோடு எப்படிப் பேசுவது என்பதைச் சொல்கிறது. 3128-இல் இருக்கும் சாதாரண ஸ்க்விட் வெறும் எச்டிடிபியில்தான் 'கனெக்ட்' கோரிக்கையை எதிர்பார்க்கும். ஆகவே இரண்டு மாறிக்குள்ளும் முகவரி எச்டிடிபி என்றே தொடங்க வேண்டும். மாற்றிப் போட்டால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று டிஎல்எஸ் (குறியாக்க இணைப்பு) பிழை வரும். அதைப் பார்த்துவிட்டு சர்டிஃபிகேட்டைத் தோண்டுவதில் ஒரு பிற்பகல் முழுக்கப் போய்விடும்.

உயிரோடு இருக்கும் செஷனைச் சாட்சியாக எடுப்பது

மற்ற எல்லாத் தவறும் சேர்ந்து தின்னும் நேரத்தைவிட இந்த ஒன்று தின்பது அதிகம். இன்னும் எரிச்சல் தீரவில்லை, ஏனென்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

புதியவர் ஹெட் ஆபீஸிலிருந்து டனல் வழியாக கேட்வேக்குள் நுழைகிறார். ஒவ்வொரு சர்வீஸாக எழுதுவானேன் என்று, சிஸ்டம்டியின் பொதுக் கோப்பில் இருக்கும் 'டிஃபால்ட் என்விரான்மென்ட்' வரியில் ப்ராக்ஸியை எழுதுகிறார். இலை எடையை அனுப்பும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறார். தரவு போகிறது. டனல் விழாமல் இருக்கிறது, செஷன் அறுபடவில்லை. "முடிஞ்சது சார்" என்று டிக்கெட்டை மூடுகிறார்.

டனல் விழாமல் இருப்பதற்கும் அவர் எழுதிய வரிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ப்ராசஸ் தொடங்கும் கணத்தில்தான் சூழல் மாறிகளின் நகல் அதன் கைக்கு வருகிறது. அதன் பிறகு கோப்பில் எதை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருப்பதற்குத் தெரியாது. டனலைக் கட்டும் நிரலான டனல் ஏஜென்ட் அவர் உள்ளே வருவதற்கு முன்பே, ப்ராக்ஸி இல்லாத காலத்தில் எழுந்தது. சந்தேகம் இருந்தால் ப்ராக் என்ற அடைவுக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் 'என்விரான்' என்ற கோப்பைத் திறந்து பார்க்கலாம்: ப்ராக்ஸி வரியே இருக்காது.

அந்த ஏஜென்ட் மறுபடி எப்போது எழும்? இங்கே அதற்கு நாள் குறிப்பது மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம். அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரி பக்கம். சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். கேட்வேக்குக் கீழே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 10 வாட் எடுக்கும் பெட்டியைக் கணக்குப்படி எட்டு மணி நேரம் தாங்க வேண்டும். பழைய பேட்டரி அதில் பாதிகூடத் தாங்காது. ராத்திரி கரண்ட் போய், விடியும்போது வருகிறது. கேட்வே புதிதாக எழுகிறது. டனல் ஏஜென்ட் இப்போதுதான் முதல்முறையாக ப்ராக்ஸி மாறியைப் பார்க்கிறது. கோ மொழியில் எழுதிய ஏஜென்ட்கள் பெரும்பாலும் அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சரி, 10.20.0.5-க்குப் போகலாம் என்றால் அந்த முகவரி டனலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டனல் எழ ப்ராக்ஸி வேண்டும், ப்ராக்ஸியைத் தொட டனல் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டியாயிற்று.

வரியை எழுதியதற்கும் இது நடப்பதற்கும் இடையில் மூன்று வாரம் ஓடியிருக்கும். யாரும் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. முதல் நாள் டவர் மேல் பழி. இரண்டாம் நாள் சிம்மை மாற்றுகிறார்கள். மூன்றாம் நாள் ஆன்டெனா வயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். அதுவரை தொழிற்சாலையில் எக்ஸ்டென்ஷன் போன் அடிக்காது, இலை கொண்டுவருபவர்களுக்கு எடைச்சீட்டு கையால்தான். கடைசியில் லேப்டாப்பும் கன்சோல் கேபிளுமாக ஆள் போக வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூருக்கே 50 கிலோமீட்டர், அதற்கு மேல் பந்தலூர். நடுவட்டம் இறக்கத்தில் மண் சரிந்திருந்தால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. கோவையிலிருந்து வண்டி வருவதென்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டும். அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரி.

இதைத் தவிர்க்க, முதலில் ப்ராக்ஸியைப் பொதுக் கோப்பில் எழுதவே கூடாது. பொதுவாக எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், டனல் சர்வீஸின் யூனிட் கோப்பில் 'அன்செட் என்விரான்மென்ட்' வரியைச் சேர்த்து அந்த மாறிகளை அங்கே நீக்க வேண்டும். டனல் போய்ச் சேரும் சர்வரின் பெயரையும் ஐபியையும் 'நோ ப்ராக்ஸி' பட்டியலில் (ப்ராக்ஸி இல்லாமல் நேராகப் போக வேண்டிய முகவரிகள்) சேர்க்க வேண்டும். இரண்டையும் செய்யுங்கள், ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

அடுத்தது, தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு. சிஸ்கோ பெட்டியில் 'ரீலோட் இன் 10' அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்; சேவ் செய்யாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் பழைய கான்ஃபிக்கோடு எழும், எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்'. ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு', மைக்ரோடிக்கில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோட். ஓபன்டபிள்யூஆர்டியின் வலைப்பக்கத்தில் இப்படித் திரும்பும் வசதி உண்டு. கட்டளை வரியில் 'யூசிஐ கமிட்' அடித்தால் கிடையாது.

வெறும் லினக்ஸில் இதை நாமே கட்ட வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. பின்னணியில் 'ஸ்லீப் 600' போட்டு மீட்கச் சொல்வது, 'சிஸ்டம்டி ரன்' மூலம் டைமர் வைப்பது எல்லாம் ரீபூட்டோடு மறைந்துவிடும். நமக்குப் பயமே ரீபூட்டுக்குப் பிறகுதான். ஆகவே பழைய கோப்புகளின் நகலை ரூட் அடைவில் எடுத்துவைத்து, குறித்த வேளையில் கட்டளை ஓட்டும் கிரான்டேபில், பூட் ஆனதும் ஓடும் 'அட் ரீபூட்' வரி ஒன்று போட வேண்டும். பூட் ஆகி 900 விநாடி காத்திருந்து, 'சரி' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருக்கிறதா என்று அது பார்க்கட்டும். இல்லையென்றால் பழைய நகலைத் திரும்ப வைத்து, தன் கிரான் வரியைத் தானே அழித்துவிட்டு, ரீபூட் ஆகட்டும். தன்னை அழிக்கும் படியை மறந்தால் பெட்டி கால் மணிக்கு ஒருமுறை எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். ரீபூட்டுக்குப் பின் நம்மால் உள்ளே வர முடிந்தால், 'டச்' அடித்து அந்த 'சரி' கோப்பை உருவாக்கி, கிரான் வரியையும் எடுத்துவிடலாம்.

அதற்குப் பிறகு உண்மையான சோதனை. டனல் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்; செஷன் அறும், இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி நுழைய முடிய வேண்டும். அடுத்து ரீபூட். அதோடு விடாமல், சைட்டில் இருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கரண்டையே பிடுங்கச் சொல்ல வேண்டும்.

"அண்ணா, கறுப்பு அடாப்டரையும் பிடுங்குங்க, பேட்டரியோட செவப்பு வயரையும் கழட்டுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க."

"பச்சை லைட் வந்துருச்சு தம்பி."

"அது பவர் லைட்டுண்ணா. அதுக்கு ரெண்டு தள்ளி ஒண்ணு மினுக்கிட்டு இருக்கும் பாருங்க, அது நிக்கணும். நின்னதும் சொல்லுங்க."

மோடம் டவரைப் பிடிக்க எடுக்கும் நேரம், கடிகாரம் பின்னால் போவது, நெட்வொர்க் வருமுன் சர்வீஸ் எழுந்து தோற்பது: இவை சாதாரண ரீபூட்டில் வெளிப்படாமல் போகலாம், கரண்ட் போய் வந்தால்தான் தெரியும். இந்த மலையில் நடக்கப்போவது அதுதான்.

நோ ப்ராக்ஸியில் 10.0.0.0/8 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது

ஒவ்வொரு நிரலும் இந்தப் பட்டியலைத் தன் விருப்பப்படி படிக்கிறது. இப்படி வலைத்தொகுதியாகக் கொடுப்பதை கர்ல் 2022-இல் வந்த 7.86.0 பதிப்பிலிருந்துதான் புரிந்துகொள்கிறது. கேட்வேக்களில் அதற்கு முந்தைய கர்ல் நிறைய இருக்கிறது. கோ நிரல்களுக்குப் புரியும். டபிள்யூகெட்டுக்குப் புரியாது. நட்சத்திரக் குறி போட்ட ஐபி எங்கும் நம்பத் தகுந்ததல்ல. முக்கியமான ஐபிகளை ஒவ்வொன்றாக, நடுவில் இடம் விடாமல், காற்புள்ளி போட்டு எழுதிவிடுவதே உத்தமம். லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம் கட்டாயம் இருக்க வேண்டும். கோ நிரல்கள் அவற்றைத் தாமே விலக்கிவிடும், கர்ல் விலக்காது. தன் பெட்டிக்குள்ளேயே கேட்க வேண்டிய நலச் சோதனை ஹெட் ஆபீஸ் ப்ராக்ஸியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பிங் அடித்துப் பார்ப்பது

பிங் ப்ராக்ஸி வழியாகப் போகாது. வந்தாலும் வராவிட்டாலும் அது எதையும் சொல்லவில்லை.

போனும் நேரமும் ப்ராக்ஸியில் போகும் என்று நினைப்பது

எச்டிடிபி ப்ராக்ஸி யுடிபியைக் கடத்தாது. யுடிபி 5060-இல் ஓடும், அழைப்பை ஏற்படுத்தும் சிப், குரல் செல்லும் ஆர்டிபி, கடிகாரத்தைச் சரிசெய்யும் 123-ஆம் போர்ட்டின் என்டிபி மூன்றுக்கும் தனி வழி வேண்டும். என்டிபியை மறந்தால் விளைவு சுற்றிவளைத்து வரும்: கடிகார பேட்டரி இல்லாத கேட்வே கரண்ட் போய் வந்ததும் பழைய தேதிக்குப் போகும், சர்டிஃபிகேட் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று டிஎல்எஸ் எல்லாம் விழும். டனலுக்கு வெளியே, சிம் வழியாகவே எட்டக்கூடிய ஒரு நேர சர்வரைக் கொடுத்து வையுங்கள்.

403 வந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது

கடவுச்சொல் தவறென்றால் வருவது 407. 403 என்றால் ப்ராக்ஸி தன் விதிப்படி அந்தக் கோரிக்கையை மறுக்கிறது. ஸ்க்விடின் இயல்பான அமைப்பு 443 தவிர வேறு போர்ட்டுக்குக் 'கனெக்ட்' தராது. சென்சார் தரவு 8883-இல் எம்க்யூடிடியாகப் போனால் இங்கேதான் முட்டும். கேட்வேயில் எதைத் திருகியும் பயனில்லை. ப்ராக்ஸி பக்கம் அந்தப் போர்ட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

'கனெக்ட்' 200 வந்த பிறகு டிஎல்எஸ் பேச்சு நடுவில் உறைந்து நின்றால், எம்டியுவைப் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். டனலில் அதை 1400-க்கு இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடவுச்சொல்லில் அட் குறி

முகவரிக்குள் அட் குறியை சதவீதம் 40 என்றும், ஹேஷை சதவீதம் 23 என்றும், முக்காற்புள்ளியை சதவீதம் 3ஏ என்றும் எழுத வேண்டும். சிஸ்டம்டி யூனிட் கோப்பில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு என்பதால் அங்கே அதை இரட்டித்து எழுதுவது முறை. அதைவிட நல்ல வழி, 'என்விரான்மென்ட் ஃபைல்' வரியில் தனிக் கோப்பைக் காட்டி, அதற்கு 600 உரிமை கொடுப்பது. அங்கே இரட்டிக்க வேண்டாம். 'சிஸ்டம்சிடிஎல் ஷோ' அடிப்பவர் கண்ணுக்கும் கடவுச்சொல் படாது.

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டுவது

மேற்கோள் குறி வளைந்துவிடும். விண்டோஸில் எழுதி ஏற்றிய கோப்பென்றால் வரிமுடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து போர்ட் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். 'கேட் மைனஸ் பெரிய ஏ' அடித்தால் 3128-க்குப் பின்னால் தொப்பிக்குறியோடு ஒரு எம் நிற்கும்.

பெட்டிக்குள் தாள் வைக்காமல் வருவது

ப்ராக்ஸி முகவரி, நோ ப்ராக்ஸி பட்டியல், பழைய நகல் இருக்கும் இடம், மாற்றிய தேதி ஆகிய நான்கையும் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். லேமினேட் செய்யாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் மை கரைந்துவிடும். கடவுச்சொல் மட்டும் அந்தத் தாளில் வேண்டாம்.